வெயிலில் நிற்பவர்கள், பயணிகள்

ஜூன் 2, திங்கள்

என்னோடு மொழியியல் படித்த இந்திராணி இப்போது பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர். இருபத்தெட்டாம் தேதி கருத்தரங்கு, நான் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பு: செய்திப் படக்குறிப்புகளின் மொழி. "பதினோரு வருஷமா அதைத்தானே எழுதுத உலகம்மை, ஒனக்கு என்ன தயாரிப்பு?" என்றாள். பதினோரு வருடம் பல் தேய்த்தவர் எல்லாம் பல் மருத்துவர் ஆகிவிடுவதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்றுவிட்டேன்.

அதற்காகத்தான் இந்த நோட்டு. படக்குறிப்பு பற்றிய குறிப்புகள் மட்டும். சொந்த விஷயம் எழுதப்போவதில்லை.

முதல் குறிப்பு. நாளிதழில் எல்லாமே நேற்றே முடிந்தவை. படத்துக்குக் கீழே மட்டும் எதுவும் முடிவதில்லை. செய்தியில் அமைச்சர் குத்துவிளக்கை 'ஏற்றினார்'. படத்தின் அடியில் 'ஏற்றுகிறார்'. காலையில் நாம் காபி குடிக்கும்போதும் ஏற்றுகிறார். ஆறு மாதம் கழித்து அந்தத் தாளில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றியெடுக்கும்போதும் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்.

மாவு புளித்துவிட்டது. நாளை தோசைதான்.

ஜூன் 4

'அருகில்' என்ற சொல்லுக்குத் தூரத்தோடு சம்பந்தமில்லை. 'அருகில் கலெக்டர்' என்றால் அவர் மேடையின் மறுகோடியில் இருக்கலாம். நிஜமாகவே தோளோடு தோள் ஒட்டி நிற்கிறவர் 'மற்றும் பலர்'. முகம் முழுதாகத் தெரிந்தும் பெயர் கிடைக்காதவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது.

கருத்தரங்குக்காரர்களுக்கு எங்கள் வேலை முறையையும் சொல்ல வேண்டியிருக்கும். பாளையங்கோட்டைப் பதிப்பில் வெளியூர்ப் பக்கங்களை மாலை ஆறேகாலுக்கு முடித்தாக வேண்டும். படம் முதலில் வரும், பெயர்கள் பிறகு வரும். அதுவரை படத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். மற்றவர்கள் 'ஆஆஆஆஆ' என்று தட்டி நிரப்புவார்கள். 'ஆ'வால் நிரப்பினால் அளவு தப்பும் என்பது என் கட்சி. எனவே நான் சொற்களாலேயே நிரப்புவேன். படத்தில் என்ன தெரிகிறதோ அதை எழுதிவிடுவேன்.

இன்று ரத்ததான முகாம் படம். டம்மி: 'ரத்தம் கொடுப்பவரை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கும் சங்கத் தலைவர். ஊசி குத்தப்பட்டவர் மட்டும் ஊசியைப் பார்க்கிறார்.'

பக்கம் வடிவமைக்கும் மைதீன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். "யக்கா, இதையே போட்டுருவமா? பேப்பர் பிச்சிக்கிட்டுப் போவும்."

"வேலையப் பாரு மைதீன்."

பெயர்கள் வந்ததும் அழித்துவிட்டு முறையானதை எழுதினேன். பதினோரு வருடத்தில் ஒரு டம்மிகூட அச்சுக்குப் போனதில்லை.

ஜூன் 7

பெயர்கள் ஏன் தாமதமாக வருகின்றன? ஒரு காரணம் ஜெபமணி. ஜனவரியில் தூத்துக்குடியிலிருந்து வந்த புகைப்படக்காரர். வயது ஐம்பத்தொன்று இருக்கும், தனி ஆள். ஒப்பந்த வேலை. இந்த மாதம் முப்பதாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்கள். மனிதர்களைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு வருவார், பெயரைத் தவிர.

"சார், இடமிருந்து ரெண்டாவது யாரு?"

"அந்த அம்மாதான் மேடம், எல்லாருக்கும் மோர் குடுத்தாவ."

"பேரு?"

"பேரு கேக்கலயே. மோர்ல இஞ்சி தட்டிப் போட்டிருந்தாவ. நல்லாருந்துச்சு."

"அப்போ 'அருகில் இஞ்சி மோர் அம்மா'ன்னு போடவா?"

"போடுங்க. சந்தோஷப்படுவாவ."

படம் நன்றாக எடுக்கிறார் என்பதை மறுக்க முடியாது. மற்றவர்கள் எடுத்தால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். இவர் எடுத்தால் ஆட்கள் இருக்கிறார்கள். தேவையில்லாமல் சிரிப்பார்.

சந்தன நிறப் புடவை கட்டியிருந்தேன். மற்றவை துவைக்கப் போட்டிருந்ததால்.

ஜூன் 9

மூக்குக்கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மேலப்பூவனூர் நகராட்சியில் பேருந்து நிழற்குடை திறப்பு. ஜெபமணி போனிலிருந்தே ஒரு படத்தை ஐந்தே முக்காலுக்கு அனுப்பினார். நகராட்சித் தலைவர் அருணகிரி நிழற்குடைக்குள் நட்ட நடுவில் தனியாகக் கைகூப்பி நிற்கிறார். வெளியே ஒன்பது பேர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஒருவர் தலையில் கைக்குட்டை.

டம்மி எழுதினேன்: 'நிழற்குடையைத் திறந்துவைத்து, அதன் நிழல் முழுவதையும் தாமே அனுபவிக்கிறார் நகராட்சித் தலைவர் அருணகிரி. வெயிலில் நிற்பவர்கள், பயணிகள்.'

இரண்டு வரி கச்சிதம்.

வீட்டுக்கார அம்மா போன் செய்தார், மோட்டார் ஓடி டேங்க் வழிகிறது என்று. அதனால் ஆறு மணிக்கே எழுந்து போக வேண்டியதாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வீட்டுக்கார ராஜம்மாள் நாளிதழோடு மாடியேறி வந்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "இன்னிக்கித்தான் ஒங்க பேப்பர்ல உள்ளத உள்ளபடி போட்டிருக்காவ. வெயில்ல நிக்கவன் பயணியாம்லா!"

வாங்கிப் பார்த்தேன். ஏழாம் பக்கம். என் டம்மி, ஓர் எழுத்து குறையாமல்.

ராஜம்மாள் போகும்போது, நேற்று ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை தெருவில் கரண்ட் இல்லை, மாவுகூட ஆட்ட முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். படக்குறிப்புக்குச் சம்பந்தமில்லாத செய்தி.

அலுவலகத்தில் போன் ஓயவில்லை. வாசகர்கள் பாராட்டுகிறார்கள். 'தினமும் இப்படிப் போடுங்கள்' என்றார் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். பொறுப்பாசிரியர் குற்றாலிங்கம் சார் மட்டும் பாராட்டவில்லை. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மேலப்பூவனூரிலிருந்து புகார் போயிருக்கிறது. எழுதியது யார் என்று கேட்கிறார்கள். கணினியில் படத்தோடு குறிப்பும் புகைப்படக்காரர் பெயரிலேயே சேமிக்கப்படும். அங்கே இருப்பது ஜெபமணியின் பெயர்.

குற்றாலிங்கம் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஜெபமணி, இது ஒம்ம வேலையா?"

ஜெபமணி என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா சார். படத்தோட நாந்தான் வெளையாட்டா எழுதி அனுப்பிட்டேன்."

மைதீன் வாயைத் திறந்தான். ஜெபமணி அவன் தோளில் கை வைத்தார். மூடிக்கொண்டான்.

நான் அப்போது ஒரு மரண அறிவிப்பில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14

குறிப்பு. செய்தவரைச் சொல்லாமலே ஒரு செயலைச் சொல்லிவிடத் தமிழில் வசதி உண்டு. 'தவறு நேர்ந்துவிட்டது.' 'டம்மி நீக்கப்படாமல் இருந்துவிட்டது.' தவறு தானே நடந்து வந்து ஏழாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதுபோல.

பன்னிரண்டாம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். மோட்டார் ஓடவில்லை.

ஜெபமணி பேருந்திலிருந்து இறங்கி ஆறு மணிக்குக் கீழேயிருந்து போன் செய்தார். "ஒம்பது பேரு மேடம். ஒருத்தரையும் விடாம எழுதிட்டு வந்திருக்கேன். கீழ வாங்க, கையிலயே தாறேன். டீ சூடா இருக்கு." ஒன்பது பெயர்களையும் இடமிருந்து வலமாக எழுதியிருந்தார். பெயர் கேட்காத மனிதர், நான் கேட்பேன் என்பதற்காகவே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியிருக்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு நான் இரண்டு நிமிடத்தில் மேலே வந்திருக்கலாம். மேலப்பூவனூரில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்காமல், பக்கத்து முடிதிருத்தும் கடையில் இரவல் வாங்கிய கதையைச் சொன்னார். பிறகு பார்த்தால் ஆறு நாற்பது. பெயர்ச் சீட்டு என் கைப்பையில் இருந்தது. பக்கம் அச்சுக்குப் போயிருந்தது.

மைதீனைக் குறை சொல்ல முடியாது. "ஆஆஆன்னு கெடந்தா என் கண்ணுல பட்டிருக்கும்க்கா. நீங்க நல்ல தமிழ்ல எழுதி வச்சிட்டீய. யாரு சந்தேகப்படுவா?" என்கிறான்.

குற்றாலிங்கம் சாரிடம் சொல்ல வேண்டியதுதான். 'அப்போது எங்கே இருந்தீர்கள்' என்று கேட்பார். நாற்பத்தெட்டு வயதில், பக்கம் முடிக்கும் நேரத்தில், நாற்பது நிமிடம். திங்கட்கிழமை சொல்லலாம்.

ஜூன் 16, திங்கள்

இன்று சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நகராட்சித் தலைவர் அருணகிரியே நேரில் வந்துவிட்டார். கூட இருவர், கையில் அந்த ஏழாம் பக்கம். அறை முழுக்க எழுந்து நின்றது.

குற்றாலிங்கம் சார், "அண்ணாச்சி, நிழல்னு போட்டது தப்புதான், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"நிழல விடும். கட்டுனது நான், நிக்கது நான். அதுல என்ன இருக்கு?" பக்கத்தை மேசைமேல் விரித்து விரலால் தட்டினார். "இந்தா, வெயில்ல நிக்காவளே, இவ்வொ யாரு தெரியுமா?"

குற்றாலிங்கம் சார் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"என் கவுன்சிலருங்கய்யா ஒம்பது பேரும்! 'பயணிகள்'னு போட்டுட்டீரு. மூணு நாளா ஒருத்தனும் எங்கூடப் பேசல. ஏழாவது வார்டு வீட்டுல, நீரு எப்ப பஸ்ஸுக்கு நின்னீருன்னு பொண்டாட்டி கேக்காளாம். கார் வச்சிருக்க மனுசன்!"

மைதீன் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"ஒம்பது பேரயும் போட்டுத் திரும்பப் படம் வரணும். இல்லன்னா வாற கூட்டத்துல ஒரு தீர்மானமும் நிறைவேறாது. புகார் அனுப்புனது அவனுவதான், நான் இல்ல."

பெயர்கள் யாரிடம் இருக்கின்றன என்று சார் கேட்டார். என்னிடம் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

குறிப்பு: ஒருவரைக் கேலி செய்யலாம். பெயரை விடக்கூடாது.

ஜூன் 18

படம் மறுபடி வந்தது, நான்கு வரிக் குறிப்போடு. 'நிழற்குடையைத் திறந்துவைக்கிறார் நகராட்சித் தலைவர் அருணகிரி. அருகில் (இடமிருந்து)...' என்று ஒன்பது பெயர்கள். மேலப்பூவனூர் சமாதானமாகிவிட்டது. தலைமை அலுவலகம் ஆகவில்லை. விசாரணை என்று தொடங்கிவிட்டால் யாராவது ஒருவர் மாட்டியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

கறிவேப்பிலைச் செடியில் பூச்சி. வேப்பெண்ணெய் தெளித்தேன்.

ஜூன் 20

சொல்லிவிட்டேன்.

குற்றாலிங்கம் சார் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "உலகம்மை, பதினோரு வருசத்துல ஒரு ஒத்தெழுத்து விட்டிருக்கீயளா நீங்க? அந்த மனுசன் மேல எரக்கப்பட்டுப் பழியத் தூக்கிக்கிட்டு வாறீய."

"இல்ல சார். எழுதுனது நான்."

"அவரே ஒத்துக்கிட்டாரே. சரி, எழுதுனது நீங்கன்னே வைப்போம். ஆறேகாலுக்குப் பக்கம் முடியும்போது சீட்ல இருந்து பாத்திருப்பீயளே. பாக்காம எங்க போனீய?"

"ஒரு வேலையா."

"என்ன வேல?"

மோட்டார் என்று வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "நல்ல மனசு ஒங்களுக்கு. போயி வேலையப் பாருங்க" என்றார்.

ஒருவர் உண்மையைச் சொல்வதற்கு அவருடைய நற்பெயரே தடையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஜூன் 24

கடிதம் வந்துவிட்டது. ஜெபமணியின் ஒப்பந்தம் முப்பதாம் தேதிக்குமேல் புதுப்பிக்கப்படாது.

படி இறங்கும்போது எதிரே வந்தார். "மேடம், ஒங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோ ஏதாவது இங்க இருக்கா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஆளு வேணும்னா சொல்லுங்க."

"நீங்க பாஸ்போர்ட் போட்டோ எடுப்பீயளா?"

"அதுல ஒரு வசதி உண்டு. பேரு கேக்க வேண்டாம் பாருங்க." சிரித்தார்.

"எதுக்கு அன்னிக்கி அப்படிச் சொன்னீய?" என்று கேட்டேன். பன்னிரண்டு நாளில் முதன்முறையாக.

"வேற என்ன சொல்ல? மேடம் எங்கூடக் கீழ டீக்கடையில நின்னாவன்னு அத்தன பேரு முன்னாலயும் சொல்லவா? ஒங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா."

ஒரு மாதிரி இருக்கும்தான். அதற்காக ஒருவர் வேலையை விடுவாரா? அவரிடம் கேட்கவில்லை. வெண்டைக்காய் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வாங்கவில்லை.

ஜூன் 25

மைதீன் மேசைக்குப் போனேன். சாரை நம்பவைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"யக்கா, கோவப்படக் கூடாது. அன்னிக்கி சாயங்காலம் ஜெபமணி அண்ணாச்சி கேமரா கார்டுல இருந்த எல்லாத்தையும் மொத்தமா ஏத்திட்டாரு. நிழற்குட பதினாலு படம். பதினஞ்சாவது..."

"பதினஞ்சாவது?"

"நீங்க."

அவன் தனியாக எடுத்து ஒளித்துவைத்திருந்தான். திறந்து காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவனுக்குத் தாகம் இல்லை.

டீக்கடை. ஒரு பெண்மணி கண்ணாடி தம்ளரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறாள். புது ஃப்ரேம். பற்கள் எல்லாம் தெரிகின்றன. இன்னொரு கையில் மடித்த சீட்டு. கத்தரிக்கோல் கதை நடந்துகொண்டிருந்த நேரமாக இருக்க வேண்டும். ஓரத்தில் நேரம் பதிவாகியிருக்கிறது: 6.22.

பதினோரு வருடத்தில் பல்லாயிரம் படங்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இப்படிச் சிரிக்கிற ஒருவரைப் பார்த்தால் 'இவர் யார், பெயர் என்ன' என்று கேட்டிருப்பேன்.

இந்தப் படம் போதும். குறிப்பை அவரே படத்தோடு அனுப்பியிருந்தால், அரை மணி நேரம் கழித்துப் பெயர்ச் சீட்டு என் கையில் எதற்கு? ஆனால் இது சென்னைக்குப் போகும். நான்கு பேர் பார்ப்பார்கள். நான்கு பேர் நாற்பது பேருக்குச் சொல்வார்கள். என்னை யாரும் 'மேடம் சிரிச்சாவ' என்று சொன்னதே இல்லை. இனிமேல் சொல்வார்கள்.

ஜூன் 26, வியாழன்

ஜெபமணியிடம் சொன்னேன், அந்தப் படத்தை அனுப்பப்போகிறேன் என்று.

"வேண்டாம் மேடம். அது பேப்பருக்கு எடுத்த படம் இல்ல."

"பின்ன எதுக்கு எடுத்தீய?"

அவருக்குக் காதுவரை சிவந்தது. ஐம்பத்தொரு வயதுக்காரரின் காது.

"படம் ஒங்களுது. மொகம் என்னுது. நான் அனுப்புதேன்" என்றேன்.

குறிப்பு இல்லாத படத்தை எங்கள் கணினி வெளியே அனுப்பாது. எழுதினேன். டம்மி இல்லை.

'ஜூன் 12, மாலை 6.22 மணி. ஏழாம் பக்கத்தை முடித்துவிட்டு வந்திருக்க வேண்டிய துணை ஆசிரியர் உலகம்மை, முடிக்காமலே வந்து, அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் தேநீர் அருந்துகிறார். நிழற்குடைப் படத்துக்குக் குறிப்பு எழுதியவர் இவரே. கையில் இருப்பது, அதில் சேர்த்திருக்க வேண்டிய ஒன்பது பெயர்கள். படம்: ஜெபமணி.'

எழுவாய் இருக்கிறது. பயனிலை இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. குற்றாலிங்கம் சாருக்கும் சென்னைக்கும் அனுப்பினேன். பொத்தானை அழுத்திய கை கொஞ்ச நேரம் மேசையிலேயே இருந்தது.

ஜூன் 27

பதில் இல்லை. சார் என் மேசையைக் கடந்து போகும்போது நின்றார். "நல்ல படம்" என்றார். போய்விட்டார். மைதீன் அதற்கும் தண்ணீர் குடிக்கப் போனான்.

ஜூன் 28, சனி

கருத்தரங்கு. இருபது நிமிடம் பேசினேன். முடிவில் ஒரு மாணவி, "படக்குறிப்புல பொய் எழுதுவாங்களா மேம்?" என்று கேட்டாள். "பொய் எழுத மாட்டோம். யார்னு சொல்லாம விட்டுருவோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சாப்பாட்டில் இந்திராணி என் முகத்தையே பார்த்தாள். "ஃப்ரேம் மாத்துனியா?"

"ம்."

"ஃப்ரேம் மட்டும்தானா?"

சாம்பார் நன்றாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

காலை பதினோரு மணிவரை ஒன்றுமில்லை. ஜெபமணி தன் பெட்டியிலிருந்த பொருட்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி, கைக்குட்டை, பாதி சாப்பிட்ட மக்ரூன் பொட்டலம். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து எட்டாம் பக்கத்தைப் படித்தேன். ஒரே வரியை.

பதினொன்று இருபதுக்குக் குற்றாலிங்கம் சார் இரண்டு தாள்களோடு வெளியே வந்தார். முதல் தாள் எனக்கு: கண்டனக் கடிதம். பதினோரு வருடத்தில் முதல் கடிதம். 'தங்கள் அலட்சியம்' என்று ஆரம்பித்தது. எழுவாயோடு, சரியான வாக்கியம். இரண்டாவது தாளை அவரே வாசித்தார். ஜெபமணிக்கு ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு.

மைதீன் கைதட்டிவிட்டு, தான் மட்டும் தட்டுவதைப் பார்த்து நிறுத்தினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"பையக் கீழ வையும்யா" என்றார் சார். "இன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து உத்தரவு." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இனிமேல் இப்பதிப்பில் படங்களுக்குரிய பெயர்களைப் புகைப்படக்காரரிடம் துணை ஆசிரியர் போனில் பெறக் கூடாது. தினமும் நேரில் கேட்டுப் பெற்று, இருவரும் கையெழுத்திட்ட பிறகே பக்கத்தை முடிக்க வேண்டும்."

ஜெபமணி பையை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார். "தெனமுமா சார்?"

"தெனமும். ஞாயித்துக்கெழம பதிப்பு உண்டும்லா? அன்னிக்கியும்."

"தண்டனையா இது?"

"தண்டனதான்" என்றார் சார், தாளை மடித்துக்கொண்டே. "ஏன், கூடுதலா இருக்கோ?"

ஜெபமணி என்னைப் பார்த்தார். நான் கண்டனக் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்தேன். பிழை இல்லை.

இன்று இரண்டு படங்கள். ஐந்தரைக்கே வந்துவிட்டன. இரண்டுக்கும் டம்மி எழுதவில்லை. உத்தரவின் நகலை வாங்கி முழுதாகப் படித்துப் பார்த்தேன். 'நேரில்' என்றுதான் போட்டிருக்கிறது. எங்கே என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.